அவரையைக் களை என்றவர்கள்

டேவிஸ் சாருக்கு நல்ல காது. சர்ச்சில் பாட்டுக்குழு மொத்தமும் உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் ஒருத்தி சுருதி இறங்கினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் அந்த ஒருத்தி நான்தான். கையை நிறுத்தாமல் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பிப் புருவத்தை உயர்த்துவார். அவ்வளவுதான், என் மானம் கப்பலேறிவிடும்.

அந்தக் காதுக்கும் கேட்காதது ஒன்று உண்டு என்று போன ஆகஸ்ட்டில் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்குப் பாட்டு வாத்தியார். மற்ற நாட்களில் மேலதிகாரி. மைசூரில் ஹுணசூர் ரோட்டுப் பக்கம் இருக்கிறது அவருடைய பரிசோதனை நிலையம். விதை, உரம், மருந்து விற்கிற கம்பெனிகள் தங்கள் சரக்கை எங்களிடம் அனுப்பும். நாங்கள் நிலத்தில் போட்டுப் பார்த்து நல்லது கெட்டதை எழுதிக் கொடுப்போம். நல்லது எழுதினால் கம்பெனி மறுபடி வரும். கெட்டது எழுதினால் வராது. இதற்கு மேல் எங்கள் நிலையத்தைப் பற்றி விளக்க ஒன்றுமில்லை.

நான் தாவரவியல் படித்தவள். ஒப்பந்த வேலை. விவசாயிகள் கூட்டம் என்றால் மைக் பிடிப்பதும் நான்தான். கன்னடமும் தமிழும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, கூச்சம் என்பது மருந்துக்கும் கிடையாது. "ஜூடித் வாயைத் திறந்தா செடிகூடத் தலையாட்டும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார் டேவிஸ் சார். அந்த வாயாலேயே அவருக்கு வினை வந்தது.

அந்த வருஷம் ஒரு கம்பெனி ராகிக்குக் களைக்கொல்லி கொண்டுவந்தது. அகன்ற இலையுள்ள செடிகளைக் கொல்லும், புல்வகையை விட்டுவிடும் மருந்து. ராகியும் புல் சாதிதான், அதனால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எல்லா நிலத்து ராகியும் ஒரே மாதிரி தாங்குமா? கால்வாய்த் தண்ணீரில் வளர்வதும், வருஷக்கணக்காக மருந்து குடித்துப் பழகியதும், மருந்து வாசனையே அறியாததும் ஒன்றாகுமா? இதைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். நல்ல கேள்விதான். அதில் எனக்கு இப்போதும் குறை இல்லை.

எங்கள் நிலத்தை மூன்று கட்டமாகப் பிரித்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு விவசாயி தன் விதையைக் கொண்டுவந்து, தன் வீட்டு வழக்கப்படியே விதைக்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கால்வாய்ப் பாசனக்காரர் ஒருவர் வந்தார். குண்டலுபேட்டையிலிருந்து மருந்தில்லாமல் விவசாயமே இல்லை என்பவர் ஒருவர். மூன்றாவதாக வந்தவள் சாமியாத்தாள்.

சாமியாத்தாள் ஹனூர் பக்கத்துத் தமிழ்க்காரி. வீட்டுக்காரர் மைசூரில் கட்டட வேலை செய்கிறார். நஞ்சன்கூடு ரோட்டில், லேஅவுட்டுகள் முடிகிற இடத்தில், மாதப்பா என்பவரின் நிலத்தைப் பாதி விளைச்சல் வாரத்துக்கு எடுத்து அவள் மானாவாரியாக ராகி போடுகிறாள். மருந்து எதுவும் அடிப்பதில்லை. அவள் ஊர்ப் பழக்கப்படி சில சால் ராகி, பிறகு ஒரு சால் வேறு விதை. அந்த ஒற்றைச் சாலில் அவரை, துவரை, எண்ணெய்க்கான உச்செள்ளு, ஆமணக்கு எல்லாம் கலந்து விழும். அதற்கு அக்கடி என்று பெயர். எங்கள் நிலத்திலும் அப்படியே விதைத்துவிட்டுப் போனாள். உங்கள் வழக்கப்படி விதையுங்கள் என்று நாங்கள்தானே சொன்னோம்.

மருந்து அடித்தபோதும் முடிவை எண்ணியபோதும் நான் இல்லை. குண்டலுபேட்டையில் வேறொரு கம்பெனியின் தக்காளிக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தால், மறுநாள் செயல்விளக்கக் கூட்டம் என்றார்கள். விவசாயிகளைக் கூட்டி, அவர்கள் கண்முன் ஒரு நிலத்தில் மருந்தடித்துக் காட்டும் கூட்டம். யார் நிலத்தில் என்று கேட்டேன். சாமியாத்தாளின் நிலத்தில் என்றார்கள். போய் நம் கட்டங்களைப் படம் எடுத்து வா, நாளை திரையில் காட்டவேண்டும் என்று டேவிஸ் சார் கேமராவைக் கொடுத்தார்.

முதல் கட்டத்து ராகி மருந்து பட்டதும் கொஞ்சம் வெளுத்துப் பிறகு தெளிந்திருந்தது. இரண்டாவது கட்டத்து ராகி எருமை மாட்டின் மேல் மழை பெய்தது மாதிரி அசையாமல் நின்றது. மூன்றாவது கட்டத்திலும் ராகி ஜோராகத்தான் இருந்தது. ஆனால் ராகிக்கு நடுவே, நூல் பிடித்தாற்போல் நேர்கோடாக, செடிகள் செத்துக் கிடந்தன.

கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தேன். அவரைத் தண்டெல்லாம் ஈரத்துணியைப் பிழிந்தாற்போல் முறுக்கிக் கிடந்தது. துவரை கருகியிருந்தது. உச்செள்ளு நின்ற இடத்தில் பழுப்புக் குச்சிகள். ஆமணக்கு மட்டும் இன்னும் உயிரை விடாமல், இலைக்காம்புகளைத் தரையை நோக்கி வளைத்துக்கொண்டு நின்றது. இவை சாகும்போது டேவிஸ் சார் பக்கத்தில்தான் நின்றிருப்பார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

எங்கள் ஆட்கள் எண்ணுகிற விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு சதுரமான இரும்புச் சட்டத்தை நிலத்தில் வீசுவார்கள். அது விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் இருக்கும் செடிகளை எண்ணுவார்கள். ராகி என்றால் பயிர். மற்றது எதுவானாலும் களை. வாடிச் சாகிறதும் செத்த கணக்குத்தான். களை வரிசை கட்டி முளைக்குமா, கயிறு பிடித்து முளைக்குமா என்று ஒரு மனுஷனாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மறுநாள் நான் திரையைக் காட்டிச் சொல்லவேண்டிய வாசகம் தயாராக இருந்தது: மூன்றாவது கட்டத்தில்தான் களை மிக அதிகம், அங்கேதான் மருந்தின் பலனும் மிக அதிகம், அகல இலைக் களை ஒழிப்பு நூறு சதவீதம்.

அந்த நூறு சதவீதத்தால்தான் சாமியாத்தாளின் நிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். சூடான காதோடு டேவிஸ் சாரின் அறைக்குள் போனேன்.

"சார், மூணாவது கட்டத்துல செத்தது களை இல்ல. அவரை."

"தெரியும்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்து பேசியிருப்பேன். தெரியும் என்றதும் நின்றுகொண்டேன்.

"நம்ம ட்ரயல்ல க்ராப்னா ராகி மட்டும்தான் ஜூடித். ராகி இல்லாத எதுவும் களை. நான் எழுதின ரூல் இல்ல, கம்பெனி அனுப்பின ரூல்."

"அந்தம்மா கையால போட்ட விதை சார் அது."

"கையால போட்டாலும் காத்துல பறந்து வந்தாலும் ராகி இல்லன்னா ராகி இல்ல. சும்மா டென்ஷன் ஆகாதே."

"போன டிசம்பர்ல கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்கு வந்தப்ப, உங்க வீட்டுல எங்க எல்லாருக்கும் அவரைக்காய் உப்புமா போட்டீங்களே சார். நீங்களே பரிமாறினீங்களே."

"அது வேற, இது வேற."

"நாளைக்கு அவங்க நிலத்துல அடிச்சா அக்கடி பூரா போயிடும். அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"களை போகும்னு சொன்னேன். பொய்யா?"

"எது களைன்னு சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல."

இதைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உன் கான்ட்ராக்ட் ரினியூவல் இந்த மாசம். பேப்பர் என் மேஜை மேலதான் இருக்கு. மிரட்டறதுக்காகச் சொல்லல" என்றார்.

மிரட்டுவதற்கு இல்லையென்றால் வேறு எதற்குச் சொன்னார், ஆசீர்வாதத்துக்கா? கதவைச் சாத்தும்போது கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

நஞ்சன்கூடு பஸ் பிடித்து நேராகச் சாமியாத்தாளிடம் போனேன். நிலத்தில் ராகி கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. அக்கடிச் சாலில் அவரை இரண்டு இரண்டு இலையாகப் பளபளவென்று நின்றது. ஓரத்தில் பந்தல் போட்டு, கம்பெனியின் பேனரையும் கட்டியாகிவிட்டது. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு நாலு பேர் வருகிற இடம், சுத்தமாக இருக்கட்டும் என்று.

"வாங்க மேடம்! பொழுதோட வந்துட்டீங்களே, கூட்டம் நாளைக்குத்தானுங்?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். நாளைக்கு அடிக்கப்போகும் மருந்து அகல இலை எதையும் விடாது என்றேன்.

"ஏனுங் மேடம், அவரையுமா சாவும்?"

"சாகும் அக்கா."

"தொவரை?"

"அதுவும்."

"உச்செள்ளு? கொட்டமுத்து?"

"எதுவும் தப்பாது, ஆமணக்கும்தான். ராகி மட்டும் நிக்கும்."

வீட்டில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி நலம் விசாரிப்பது போலக் கேட்டாள். கேட்டு முடித்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கையில் பிடுங்கிய புல் அப்படியே இருந்தது.

"அந்த சாரு களை எடுக்கற கஷ்டம் தீந்துரும்னுதானுங் சொன்னாரு. நானும் கும்புட்டுச் சரின்னேன். ராகில பாதி நெலத்துக்காரருக்கு. மீதி நாங்க திங்கறதுக்கு. அக்கடில வெளையறது மட்டுந்தானுங் என்ற கைக்கு வர்றது. மார்கழில அவரைக்காயப் பறிச்சுக்கிட்டுப் போயி தேவராஜ மார்க்கெட்டுல ஒக்காந்தாத்தான் புள்ளைய அடுத்த வருசம் காலேசுக்கு அனுப்ப முடியும். இல்லீன்னா அவளையும் சித்தாளு வேலைக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போவோணும்."

"அப்ப மாட்டேன்னு சொல்லிடுங்க. உங்க பயிர் அக்கா."

"பயிரு என்றதுதானுங். நெலம் அவருதாச்சே. மாதப்பா வாக்குக் குடுத்துப்போட்டாரு, பந்தலும் போட்டாச்சு. ராத்திரியோட ராத்திரியா நாம் போயி வேண்டாம்னா, ஊருக்கு முன்னால என்ற மானத்த வாங்கிட்டயேம்பாரு. அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்குவாரு." கையிலிருந்த புல்லைத் தூர எறிந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு மைக்குல பேசறது நீங்கதானுங்?"

"ஆமா."

"என்னத்தைப் பேசுவீங்க?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு அது தைத்தது. பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் நகரத்துக்குள் நுழைவதற்குள் என்ன செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் நிலையத்துக்குப் போனேன். மூன்றாவது கட்டத்திலிருந்து செத்த அவரையையும் சாகிற ஆமணக்கையும் மண்ணோடு பெயர்த்து ஒரு பக்கெட்டில் வைத்தேன். இரும்புச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டேன். வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கும்.

என் வீட்டுக்காரர் எட்வர்ட், ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் பதறாத மனுஷன். பக்கெட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வேலை போயிடும் போலிருக்கே."

"போகும்."

"அவரைக்காகவா?"

"அவரைக்காகத்தான்."

"சரி. காலையில வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போ. பசியோட சண்டை போட்டா நீ பாதியில அழுதுடுவ" என்றார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் சட்டத்தைக் கயிறு போட்டுக் கட்டி, பக்கெட்டை என் மடியில் ஏற்றி, நிலத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனார்.

பந்தல் நிறைந்திருந்தது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள், ஆணும் பெண்ணுமாக. ஆண்கள் தலையில் கம்பெனி கொடுத்த பச்சைத் தொப்பி. பெண்கள் கொண்டைக்கு மேல் அதை வைக்கத் தெரியாமல் மடியில் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் மாதப்பா வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. கம்பெனி மேனேஜர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பந்தலுக்கு வெளியே ஒரு ஆள் முதுகில் மருந்து டேங்க்கைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். சாமியாத்தாள் கடைசி வரிசையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் டேவிஸ் சார், பக்கெட்டைப் பார்த்து.

"செயல்விளக்கத்துக்கு சார்."

அவர் புருவம் உயர்ந்தது. சர்ச்சாக இருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். இது சர்ச் இல்லை.

மைக் என் கைக்கு வந்தது. கன்னடத்தில்தான் பேசினேன், இங்கே தமிழில் சொல்கிறேன். முதலில் சொல்லவேண்டியதைச் சொன்னேன், அதில் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று விதமான விவசாயத்தில் வந்த ராகியையும் சோதித்தோம், மூன்றும் மருந்தைத் தாங்கின, கொஞ்சம் முன்னே பின்னே. ராகி மட்டுமே போடுகிறவர்களுக்கு இந்த மருந்தால் உபயோகம் இருக்கலாம். மேனேஜர் தலையாட்டினார். திரையில் நூறு சதவீதம் வந்தது. கைதட்டினார்கள்.

"இந்த நூறு சதவீதம் எதைக் கொன்று வந்தது என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, பக்கெட்டிலிருந்து ஒரு செடியை வேரோடு எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். "இதுதான் நாங்கள் கொன்ற களை. இதன் பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

முறுக்கிக் கிடந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்து நிலத்துக்காரி மல்லம்மா, வாய்க்குப் பேர்போனவள், என் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ, இது அவரை இல்லையா!" என்று கத்தினாள். "அவரையைக் களை என்று எந்த மகராசன் சொன்னான்?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. டேவிஸ் சார் சிரிக்கவில்லை. "ஜூடித், மைக்கைக் குடு" என்றார் தமிழில், மெதுவாக. நான் கொடுக்கவில்லை. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குள் இறங்கினேன். என்ன நடக்கிறதென்று பார்க்கப் பந்தல் மொத்தமும் எழுந்து பின்னால் வந்தது.

"சாமியாத்தாக்கா, இதை நீங்க வைங்க."

சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசவேண்டும், விழுந்த இடத்தில் எண்ணவேண்டும் என்பது விதி. சாமியாத்தாள் வீசவில்லை. குழந்தையைத் தூக்கிப்போவது போல் இரு கையாலும் தூக்கிப்போய், அக்கடிச் சாலின் மேல் நோகாமல் இறக்கி வைத்தாள். விதிப்படி வீசவேண்டும், இது செல்லாது என்றார் மேனேஜர்.

"டேங்க்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டா அடிக்கப்போகிறார்? இங்கேயும்தானே அடிப்பார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

சட்டத்துக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டேன். ராகி என்றார்கள். இது மருந்தடித்தால் நிற்கும் என்றேன். அடுத்தது அவரை. இது சாகும். துவரை. இது சாகும். உச்செள்ளு, ஆமணக்கு. இரண்டும் சாகும். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. சாலுக்கு வெளியே, தானாக முளைத்த கீரை ஒன்று இருந்தது. இதுவாவது களையா என்று கேட்டேன்.

"அது பண்ணைக்கீரைங்க" என்றாள் சாமியாத்தாள்.

"அண்ணெ சொப்பு!" என்று அதன் கன்னடப் பெயரைச் சொன்னாள் மல்லம்மா. "நேற்றுக்கூட இதைத்தான் கடைந்தேன். என் வீட்டுக்காரர் தட்டையும் சேர்த்துத் தின்றார்."

இதுவும் சாகும் என்றேன். கடைசியாக மீதம் இருந்தது ராகிக்கு இடையில் ராகி மாதிரியே தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு புல். அதை யாரும் பயிர் என்று சொல்லவில்லை. காட்டு ராகி, சனியன், ராகியின் சோற்றைத் தின்கிற திருடன் என்று ஆளுக்கொரு வசை பாடினார்கள்.

"இந்தச் சட்டத்துக்குள் நீங்கள் களை என்று சொல்வது இது ஒன்றுதான். இது புல் சாதி. எங்கள் மருந்து இதை ஒன்றும் செய்யாது. அடித்து முடித்த பிறகு ராகியும் இதுவும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்" என்றேன். மேனேஜரைப் பார்த்து, "நான் சொன்னதில் தப்பிருந்தால் நீங்கள் சொல்லுங்கள் சார்" என்று மைக்கை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. பரிசோதனையின் நோக்கம் ராகி மட்டும்தான், இது தேவையில்லாத விவாதம், நேரமாகிறது என்று டேங்க்காரனுக்குக் கையைக் காட்டினார். அவன் பம்பை அடித்துக்கொண்டே சாலுக்குள் கால் வைத்தான்.

சாமியாத்தாள் ஓடவில்லை, கத்தவில்லை. நடந்துபோய் அவனுக்கு முன்னால், அக்கடிச் சாலில் நின்றாள்.

"இது என்ற கையால போட்ட சாலு. இதுல அடிக்கறதுன்னா மொதல்ல என்மேல அடிச்சுப்போட்டுப் போ சாமி."

அவனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ. புரிந்தது. குழாயைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தினான். மல்லம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாமியாத்தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் இன்னும் சில பெண்கள். அவர்கள் எல்லோர் நிலத்திலும் அக்கடி இருந்தது, அதில் விளைவதுதான் அவரவர் கைக்கு வருகிற காசு. கம்பெனியின் பச்சைத் தொப்பிகள் வரப்பில் கிடந்தன. நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்ததால் அழவில்லை.

"மாதப்பா, நீங்க சொல்லுங்க. உங்க நிலம்" என்றார் மேனேஜர்.

மாதப்பா சாலில் நின்ற பெண்களைப் பார்த்தார். நாளைப் பின்னே அறுவடைக்கு இவர்கள்தான் வரவேண்டும். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மழை வரும் போலத் தெரிகிறது சார். மழையில் மருந்தடித்தால் வீண். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவருடைய மானத்தை அவர் காப்பாற்றிக்கொண்டார், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கூட்டத்துக்கென்று சமைத்திருந்த கேசரியை யாரும் விட்டுவைக்கவில்லை.

டேவிஸ் சார் ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை வரவேண்டாம்."

"சரி சார்."

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஞாயித்துக்கிழமை ப்ராக்டிஸுக்கு வந்துடு. ஆல்டோ குரலுக்கு ஆள் இல்ல" என்றார். அந்த மனுஷன் தன்னை முழுதாக வெறுக்கவும் விடமாட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அறிக்கை ஒரு எழுத்து மாறாமல் கம்பெனிக்குப் போனது, அந்த நூறு சதவீதத்தோடு. என் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொன்னேன், சந்தோஷமாக எடுத்துவிட்டார்கள். மருந்தை வேறு ஊரில், வேறு யாரோ நிலத்தில் அடித்துக் காட்டியிருப்பார்கள். அங்கே யாருடைய அக்கடி செத்ததோ. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான் ஒரு ஸ்கூலில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். களை என்றால் என்ன என்ற பாடம் வரும்போது, யார் வைத்த பெயர் அது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லித் தருகிறேன்.

ஆனால் நஞ்சன்கூடு ரோட்டில் அந்த நிலத்தில் மருந்து விழவில்லை. ராகி அறுத்த பிறகு அவரை படர்ந்து பூத்தது. டிசம்பரில் பனி இறங்கியதும் காய்த்தது. சாமியாத்தாள் தேவராஜ மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். மகளின் காலேஜ் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "விண்ணப்பம் வாங்கியாச்சுங் அம்மிணி" என்றாள், அவரைக்காயை அள்ளி என் பைக்குள் கொட்டிக்கொண்டே. மேடம் எப்போது அம்மிணி ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் கேரல் ரவுண்ட். வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய் எப்போதும்போல் டேவிஸ் சார் வீட்டில் முடித்தோம். அந்த மாதங்களில் அவர் என்னிடம் சுருதியைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அவர் மனைவி ரெபேக்கா ஆன்ட்டி பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். ஹால் முழுக்க அவரைக்காய் வாசனை.

"எல்லாரும் சாப்பிடுங்கம்மா. தேவராஜ மார்க்கெட்ல ஒரு தமிழ்க்காரம்மாகிட்ட வாங்கினேன். மருந்தே அடிக்கலையாம். என்ன மணம் பாருங்க!"

டேவிஸ் சார் தட்டும் கரண்டியுமாக அப்படியே நின்றார். வரிசையில் என் முறை வந்தது. அவர்தான் பரிமாறினார், கை கொஞ்சம் தாராளமாகவே போட்டது. நான் அங்கேயே நின்று ஒரு வாய் சாப்பிட்டேன். பிறகு, பாட்டுக்குழு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, துளியும் சுருதி இறங்காமல் சொன்னேன்.

"களை நல்லா வெந்திருக்கு சார்."